ஐந்து பெயர்களில் கிடக்கும் ஒரு மாவட்டம்: நூற்பட்டியல் தொகுப்பது எதற்காக?

ஒரு பெரிய நூலகத்துக்குப் போய் "கிருஷ்ணகிரி மாவட்ட வரலாறு" என்று கேட்டால் கைக்கு வருவது கொஞ்சம்தான். அதைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்தைப் பத்தி யாருங்க எழுதியிருக்காங்க? தஞ்சாவூருக்கும் மதுரைக்கும்தான் வரலாறு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். ஓசூரில் முப்பது வருசம் வேலை பார்த்தவர்களே இதைச் சொல்வார்கள். இது சரியில்லை. எழுதியிருக்கிறார்கள், நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவை கிடக்கும் இடம்தான் வேறு, பெயரும் வேறு. எங்கே கிடக்கிறது என்று சொல்ல ஒரு பட்டியல் இல்லாததால் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஊருக்கு ஊர் சிலர் இந்த மாதிரிப் பட்டியல் தொகுப்பதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டும் செய்கிறார்கள். அந்த வேலைக்கு என்ன மதிப்பு, அது நம் எல்லைப் பகுதிக்கு ஏன் அவசரம் என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

எந்தப் பெயரில் தேடுவது?

கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரி 9-இல். அதற்கு முன்னால், 1965 அக்டோபர் 2 முதல், இது தருமபுரி மாவட்டம். அதற்கும் முன்னால் சேலம் மாவட்டம். இன்னும் பின்னால் போனால், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்ட பாராமகால். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அப்போதும் மைசூரிலேயே இருந்தது. திப்பு இறந்த 1799-க்குப் பிறகுதான் கம்பெனியிடம் வந்தது. கம்பெனிக் காகிதங்களில் அதற்குப் பெயர் பாலாகாட், அதாவது மலைக்கு மேலே உள்ள நாடு.

ஆக மைசூர், பாராமகால், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஐந்து பெயர்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு தனி அலமாரி. ஒன்றைத் திறந்தால் மற்ற நான்கில் இருப்பது தெரியாது.

பாராமகால் அலமாரியில் என்ன இருக்கிறது? அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் 1792 முதல் 1799 வரை இங்கே நிலத்தை அளந்து, வரி போட்டு எழுதிய காகிதங்கள். ரயத்துவாரி என்று பின்னால் பெயர் பெற்ற நிலவரி முறை உருவானது இந்தப் பக்கத்தில்தான். அந்தப் பதிவுகளைச் சென்னை அரசாங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக அச்சிட்டது. பொருளாதார வரலாறு படிக்கிறவர்களுக்கு அவை தெரியும். ராயக்கோட்டைக்காரருக்குத் தெரியுமா என்றால் சந்தேகம்தான். டேனியல் குடும்பத்து ஓவியர்கள் தாமசும் வில்லியமும் 1792-இல் இந்த வழியாக வந்தபோது வரைந்த மலைக்கோட்டைகளில் ராயக்கோட்டையும் உண்டு. அது அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் பாராமகால் என்ற பெயரோடு இருக்கிறது. ஓவியம் என்பதால் வரலாற்று நூல்களோடு சேராமல் வேறொரு அலமாரிக்குப் போய்விட்டது.

சேலம் அலமாரியில் லெ ஃபானு எழுதிய 1883-ஆம் வருச மாவட்டக் கையேடு இருக்கிறது. அப்புறம் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த 1918-ஆம் வருச கெசட்டியர். ஓசூர் தாலுகா, கிருஷ்ணகிரி தாலுகா என்று ஊர் ஊராகச் செய்தி உள்ள நூல் அது. 1878-இல் ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியைக்கூடப் பழைய நூல்கள் சேலம் மாவட்டத்துக்காரர் என்றுதான் சொல்லும். அன்றைக்கு அது சரி.

தருமபுரி அலமாரியில் நடுகற்கள், பெருங்கற்காலச் சின்னங்கள் பற்றிய ஆய்வுகள் இருக்கின்றன. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் முதல் அகழாய்வு நடந்தது 2003-இல். அப்போது அது தருமபுரி மாவட்டம். அதே இடத்தில் பின்னால் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த மாதிரியை வைத்து, இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். அது கிருஷ்ணகிரி மாவட்டம். இடம் ஒன்று, குழியும் பக்கத்துப் பக்கத்தில், ஆனால் மாவட்டப் பெயரை வைத்துத் தேடுகிறவனுக்குப் பாதிதான் கிடைக்கும்.

மைசூர் அலமாரிதான் எல்லாவற்றையும்விடச் சங்கடம். அது மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பி. எல். ரைஸ் தொகுத்த 'எபிகிராஃபியா கர்னாடிகா' என்ற கல்வெட்டுத் தொகுதிகளில் பெங்களூர் மாவட்டம் ஒன்பதாம் தொகுதி, கோலார் பத்தாம் தொகுதி. இரண்டும் 1905-இல் வந்தவை. பெயர் கர்னாடிகா என்று இருக்கிறதே தவிர, உள்ளே தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். கோலாரம்மா கோவிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள். ஓசூர் ரோட்டில் பஸ் ஏறினால் வழியில் வரும் மடிவாளாவிலும், பெங்களூருக்குள்ளே தொம்மலூரிலும் தமிழ்க் கல்வெட்டுகள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒய்சள அரசன் ராமநாதன் திருச்சிப் பக்கத்துக் கண்ணனூரை விட்டு மேலே வந்து, கடைசிக் காலத்தில் குந்தாணியில் இருந்து ஆண்டான். குந்தாணி இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அவனைப் பற்றி ஒருவர் ஒழுங்காக எழுத வேண்டும் என்றால் சேலம், தருமபுரி கல்வெட்டுப் பட்டியல்களையும் பார்க்க வேண்டும், ரைஸின் ஒன்பது, பத்தாம் தொகுதிகளையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அலமாரியை மட்டும் பார்த்தால் அரை ராஜா, கர்நாடக அலமாரியை மட்டும் பார்த்தால் மீதி அரை ராஜா. அட்டிபெலே, ஜூஜுவாடி செக்போஸ்ட் எல்லாம் ராமநாதனுக்குத் தெரியாது. நம்முடைய நூலக அலமாரிகளுக்குத்தான் தெரியும்.

எழுத்துக்கூட்டு என்ற இன்னொரு தொல்லை

பெயர் மாறியது போதாது என்று எழுத்துக்கூட்டும் மாறுகிறது. கிருஷ்ணகிரி கம்பெனிக் காலத்து ஆங்கிலத்தில் 'கிஸ்ட்னகெரி'. ராயக்கோட்டை 'ரயகோட்டா'. ஓசூரை அந்தக் காலத்துப் படைக்குறிப்புகளில் 'ஊசூர்' என்று படிக்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். கம்ப்யூட்டரில் இன்றைய எழுத்துக்கூட்டைப் போட்டுத் தேடினால் இதெல்லாம் வராது.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. வேண்டாதது வந்து குவியும். 'ஹொஸ ஊரு' என்றால் கன்னடத்தில் புது ஊர். கர்நாடகாவில் ஹொசூர்கள் எத்தனையோ. காவேரிப்பட்டணம் என்று தேடினால் பூம்புகார் வந்து நிற்கும். எது நம்ம ஊர், எது இல்லை என்று பிரித்துச் சொல்ல, அந்த ஊர் மண்ணை மிதித்த ஒரு ஆள் வேண்டும். இதனால்தான் வட்டார நூற்பட்டியலை அந்த வட்டாரத்துக்காரர் செய்வது நல்லது என்கிறேன். சென்னையில் இருக்கிற ஒரு நல்ல நூலகருக்குச் சூளகிரி எங்கே, வேப்பனப்பள்ளி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே.

வெறும் பட்டியல்தானே?

"நாலு புத்தகத்து பேரை எழுதி வைக்கிறது ஒரு ஆராய்ச்சியா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். உலகத்தில் இந்த வேலையைச் செய்தவர்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

அச்சுப் புத்தகம் வந்து நூறு வருசம்கூட ஆகாத 1545-இல், சூரிச் நகரத்துக் கோன்ராட் கெஸ்னர், லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்று மொழிகளிலும் உள்ள நூல்களையெல்லாம் ஆசிரியர் பெயர் வரிசையில் தொகுத்து 'பிப்ளியோதேகா யூனிவர்சாலிஸ்' என்று வெளியிட்டார். பின்னால் மருத்துவராகப் பிழைத்தவர் அவர். தாவரம், விலங்கு பற்றி எழுதியதற்காகவும் பேர் வாங்கியவர். நூற்பட்டியல் அவர் பிழைப்பு அல்ல.

தமிழில் அச்சுநூல்களுக்கு வகைப்படுத்திய முதல் பெரிய பட்டியலைப் போட்டவர் ஜான் மர்டாக், 1865-இல். ஸ்காட்லாந்துக்காரர், கிறிஸ்தவப் பாதிரியார். தன் மதத்துக்கு நூல் வேண்டும் என்ற நோக்கத்தில் ஆரம்பித்தவர்தான். ஆனால் பட்டியலில் தனக்குப் பிடிக்காத நூல்களையும் விடாமல் பதிந்தார். சிலவற்றைப் பற்றி அவர் சொல்லும் கருத்து கடுமையாக இருக்கும், ஆனாலும் நூலின் பெயர் அங்கே இருக்கும். நூறு வருசம் கழித்து, 1968-இல், நம் மாநில அரசே அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அவர் கருத்துக்காக இன்றைக்கு யாரும் அதைத் திறப்பதில்லை. 1865-க்கு முன்னால் இப்படி ஒரு புத்தகம் அச்சாகியிருந்ததா என்று பார்க்கத்தான் திறக்கிறோம். பட்டியல் போடுகிறவனின் அபிப்பிராயம் பழசாகிவிடும். அவன் பதிந்த பெயரும் வருசமும் நிற்கும்.

சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் சொன்னார். படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல பட்டியல் செய்வது அதைத்தான். ஒருவர் பத்து வருசம் அலைந்ததை அடுத்தவர் பத்து நிமிசத்தில் பார்த்துவிட்டு, பதினோராவது வருசத்திலிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் ஒவ்வொருத்தரும் முதல் வருசத்திலிருந்தே தொடங்க வேண்டியதுதான். நம் வட்டாரத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இல்லாததைக் காட்டும் பட்டியல்

இருப்பதைச் சொல்வதைவிடப் பெரிய வேலை ஒன்று பட்டியலுக்கு உண்டு. எது போய்விட்டது என்று சொல்வது.

மயிலை சீனி. வேங்கடசாமி ஓவியம் படித்தவர். பிழைப்புக்குச் சென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர் வேலை. அவர் 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். கையில் இல்லாத நூல்களுக்கு ஒரு பட்டியல்! எப்படி முடிந்தது? பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது ஒரு நூலின் பெயரைச் சொல்லியிருப்பார்கள், இரண்டு பாட்டு கொடுத்திருப்பார்கள். தொகை நூல்களில் சில பாட்டுகள் தப்பிப் பிழைத்திருக்கும். அவற்றையெல்லாம் ஒன்று ஒன்றாகப் பொறுக்கி, நூல் வாரியாக அடுக்கினார். 1962-இல் 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்' என்று இன்னொன்று. அதிலும் நூல், இதழ், புலவர் என்று தகவல் குவிந்து கிடக்கும்.

மறைந்துபோன நூல்களில் ஒன்று நம் பக்கத்தைப் பற்றியது. 'தகடூர் யாத்திரை'. தகடூர் இன்றைய தருமபுரி. அதியமானுக்கும் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்த போரைச் சொன்ன நூல். முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. சில பத்துப் பாட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மிஞ்சியதற்குக் காரணம் 'புறத்திரட்டு' என்ற தொகைநூல். யாரோ ஒருவர், தன் பெயரைக்கூட எங்கும் எழுதி வைக்காமல், பல நூல்களிலிருந்து பாட்டுகளைத் திரட்டி, எந்தப் பாட்டு எந்த நூலைச் சேர்ந்தது என்ற குறிப்போடு வைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இப்படி ஒரு நூல் இருந்தது என்பதற்கே நமக்கு ஆதாரம் குறைந்து போயிருக்கும்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பாருங்கள். பெயர் தெரியாத அந்தத் தொகுப்பாளர் பாட்டைக் காப்பாற்றினார். மயிலை சீனி. வேங்கடசாமி, இழந்தது எவ்வளவு என்று கணக்குக் காட்டினார். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

கல்வெட்டிலும் இதே கதைதான். ரைஸ் தாலுகா வாரியாக, ஊர் வாரியாக எண் போட்டு வைத்தார். அப்புறம் பெங்களூர் எப்படி வளர்ந்தது என்று நமக்குத் தெரியும். கடந்த சில வருசங்களாகப் பி. எல். உதயகுமார் போன்ற ஆர்வலர்கள் அந்தப் பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், எந்தக் கல் இருக்கிறது, எந்தக் கல் இல்லை என்று பார்க்கிறார்கள். இருக்கும் கற்களைப் பெங்களூர் மிதிக் சொசைட்டி மூலமாக முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வைக்கும் திட்டமும் 2021 முதல் நடக்கிறது. 1909-இல் தொடங்கிய அமைப்பு அது. பட்டியலில் உள்ள கற்களில் பல இன்றைக்கு இடத்தில் இல்லை. இல்லை என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடிகிறது? 1905-இல் ஒருவர் எழுதி வைத்ததால். பட்டியலில் ஏறாத கல் காணாமல் போனால் அது காணாமல் போனதுகூட யாருக்கும் தெரியாது.

ஓசூரில் 1970-களில் சிப்காட் வந்தது. 1980-களில் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தன. இப்போது மாநகராட்சி. லேஅவுட் போடாத ஏரிக்கரை குறைவு. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி. பாறையிலும் வயலிலும் நடுகல் நிற்கிற ஒரு நாட்டில், மண்ணையும் கல்லையும் வெட்டுவதுதான் தொழில் என்று ஆகிவிட்டது. தொழில் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எத்தனையோ குடும்பம் அதனால்தான் சாப்பிடுகிறது. ஜேசிபி வருவதற்கு முன்னால் பட்டியல் வர வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். ஊர்ப்பக்கம் நடுகல் தேடி அலைகிறவர்களும், கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தைச் சுற்றி இயங்கும் ஆர்வலர்களும் புதுசு புதுசாக எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பதைப் பேப்பரில் பார்க்கிறோம். அந்தப் பேப்பர் செய்திகளையாவது தேதியோடு ஒரே இடத்தில் தொகுத்து வைத்தால், இருபது வருசம் கழித்து வருகிறவனுக்கு அது ரைஸ் பட்டியல் மாதிரி உதவும்.

பிழைப்பு வேறு, ஆர்வம் வேறு

இந்த வேலையை அரசாங்கமும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டாமா? வேண்டும். செய்தும் இருக்கிறார்கள். ராபர்ட் சிவெல் 1880-களில் போட்ட தொல்பொருள் பட்டியலும், வி. ரங்காச்சாரியா 1919-இல் மூன்று தொகுதியாக வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுப் பட்டியலும் இன்றைக்கும் பயன்படுகின்றன. ஆனால் அவை மாகாணத்துக்கு, மாவட்டத்துக்கு என்று போட்டவை. நிர்வாகக் கோடு எங்கே முடிகிறதோ அங்கே அவையும் முடியும். மாநில எல்லையைத் தாண்டி, தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கையும் சேர்த்து, ஓசூரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுத் தேட எந்த அலுவலகத்துக்கும் உத்தரவு வராது. உத்தரவு வேண்டாத ஆள்தான் அதைச் செய்ய முடியும்.

அப்படிப்பட்ட ஆட்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவுக்கு விளம்பரப் பலகை எழுதுவது தொழில். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அவர் சேர்த்தது ஏறத்தாழ 1 லட்சம். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, ஊரை விட்டு வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல், சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக 1994-இல் நிலைநிறுத்தியது. இன்றைக்குத் தமிழில் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றி ஆராய்கிறவர் அங்கே போகாமல் முடியாது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வேதியியல் விஞ்ஞானி. உலகம் பூராவும் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து, ராத்திரி உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள்.

ஈழத்துக் கதை இன்னும் கனமானது. 1981-இல், மே 31 கழிந்து ஜூன் 1 விடியும் இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். அதற்குப் பிறகு போர், இடப்பெயர்வு. ஒரு சமூகம் அச்சிட்டது என்னென்ன என்பதே சிதறிப்போன நிலை. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போன நூலகர் என். செல்வராஜா 'நூல்தேட்டம்' என்ற பெயரில் ஈழத்தவர் நூல்களுக்குக் குறிப்புரையோடு பட்டியல் போட ஆரம்பித்தார். முதல் தொகுதி 2002-இல் வந்தது. ஒரு தொகுதிக்கு 1000 நூல். அப்படியே தொகுதி மேல் தொகுதியாகப் போனது. 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகமும் தன்னார்வலர் முயற்சிதான். எரிந்ததைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் எது எரிந்தது, அதன் இன்னொரு பிரதி உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் என்று தேடுவதற்குக்கூட முதலில் ஒரு பட்டியல் வேண்டும்.

நமக்கு அப்படி ஒரு தீ வரவில்லை. நம்முடையது மெதுவாக நடக்கிறது, எடைக்குப் போகிறது, அவ்வளவுதான். 1980-களில் ஓசூர் கம்பெனிகளில் சேர்ந்த முதல் தலைமுறை இப்போது ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்கிற நேரம். கம்பெனிக்குள் நடத்திய இதழ், தொழிற்சங்க நோட்டீஸ், ஆண்டுவிழா மலர், அந்தக் காலத்து சிப்காட் வரைபடம் எல்லாம் பரணில் கிடக்கும். பையன் பெங்களூரில் பிளாட் வாங்கியிருப்பான். பரணைச் சுத்தம் செய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டால் கிலோவுக்கு ஏதோ கிடைக்கும். ஒரு சின்ன எல்லை ஊர் எப்படித் தொழில் நகரமானது என்ற வரலாற்றுக்கு இதைவிட நல்ல சான்று வேறு என்ன? பங்குதாரர் அறிக்கையில் லாபக் கணக்கு இருக்கும், கேன்டீன் சாப்பாட்டுக்காக நடந்த போராட்டம் இருக்காது.

எப்படித் தொடங்கலாம்?

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு நோட்டோ, எக்செல் ஷீட்டோ போதும். ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், தலைப்பு, வருசம், அச்சகம், ஊர், பக்கம், மொழி. இதோடு மூன்று விஷயங்களைக் கட்டாயம் எழுத வேண்டும். எங்கே பார்த்தேன், எப்போது பார்த்தேன், உள்ளே நம் வட்டாரத்தைப் பற்றி எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது. இந்தக் கடைசி வரிதான் பட்டியலுக்கு உயிர். "சேலம் கெசட்டியர், 1918" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. அதில் ஓசூர் எந்தப் பக்கம், தளி எந்தப் பக்கம் என்று எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பயன்படுத்தும்.

கண்ணால் பார்த்ததையும், இன்னொரு நூலில் பெயர் மட்டும் பார்த்ததையும் கலக்கக் கூடாது. பார்க்காததற்கு ஒரு உடுக்குறி போட்டு வைத்தால் போதும். இந்த ஒரு ஒழுக்கம் இருந்தால் உங்கள் பட்டியலை அடுத்தவர் நம்புவார். இல்லாவிட்டால் இல்லாத புத்தகத்தைத் தேடி நாலு பேர் நாலு வருசம் அலைவார்கள்.

எதைச் சேர்ப்பது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். கும்பாபிஷேக மலர், பள்ளிப் பொன்விழா மலர், ஊர்த் திருவிழா நோட்டீஸ், கல்லூரி மாணவர்களின் எம்.ஃபில். ஆய்வேடு, வழக்குத் தீர்ப்பு, மாம்பழச் சாகுபடி பற்றிய கையேடு, மத்திகிரி கால்நடைப் பண்ணை அறிக்கை எல்லாம் சேரும். தரம் பார்த்துக் கழிப்பது நம் வேலை இல்லை. மர்டாக் கழிக்கவில்லை, ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கழிக்கவில்லை.

மொழி ஒரு தடை மாதிரித் தெரியும். ஆனால் இதில் நம் ஊர்க்காரருக்கு வேறு யாருக்கும் இல்லாத வசதி இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம், பக்கத்துத் தெருவில் உருது என்று வளர்ந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். நாலு மொழியும் தெரிந்த ஒரு ஆள் வேண்டாம், ஆளுக்கு ஒரு மொழியாக நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்தால் போதும்.

பொழுதுபோக்கின் பலவீனம்

ஆர்வத்தில் செய்கிற வேலைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. செய்கிற ஆளோடு அதுவும் போய்விடும். ரோஜா முத்தையாவின் தொகுப்புக்கு வாங்க ஒரு பல்கலைக்கழகம் வந்தது. எல்லாருக்கும் வராது. ஊரில் பெரிய புத்தகச் சேகரிப்பாளர் ஒருவர் போய்விட்டால், காரியம் முடிந்த கையோடு அலமாரியும் காலி ஆவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

அதனால் புத்தகத்தைச் சேர்க்கிறவர் பட்டியலையும் சேர்த்து எழுத வேண்டும். பட்டியல் எழுதுகிறவர் அதை மூன்று இடத்தில் வைக்க வேண்டும். ஒன்று வீட்டில், ஒன்று மாவட்ட மைய நூலகத்திலோ ஒரு கல்லூரியிலோ, ஒன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி. "முழுசா முடிச்சிட்டு வெளியிடலாம்" என்று காத்திருந்தால் நடக்காது, பட்டியல் என்பது முடிகிற வேலையே இல்லை. 100 பதிவு சேர்ந்ததும் வெளியே விடுங்கள். தப்பு இருந்தால் படிக்கிறவர் திருத்துவார், விட்டதைச் சேர்ப்பார். நூல்தேட்டமும் 1000, 1000-ஆகத்தான் வந்தது.

இதில் பணம் வராது, பட்டம் வராது. மற்றவர் எழுதும் புத்தகத்தில் அடிக்குறிப்பில்கூடப் பெயர் வருமா என்பது நிச்சயமில்லை. புறத்திரட்டைத் தொகுத்தவருக்குப் பெயரே நிற்கவில்லை, ஆனால் தகடூர்ப் போரைப் பற்றி இன்றைக்கு நாம் பேசும் பேச்சில் பாதி அவர் கொடுத்தது.

கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, பர்கூர், அஞ்செட்டி, சூளகிரி. இந்தத் தாலுகாக்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டுப் பரணிலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் பத்துப் பதிவுகளை அங்கேயே போட்டுவிட முடியும்.